அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடிச்சிட்டு நிதானமா படிங்க.

தேக்கா பக்கம் உள்ள கோயிலில் ஞாயிறுதோறும் அன்னதானத் தொண்டூழியம் செய்யும் குழு நாங்கள். போன வாரம் பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, வெல்டிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனில் ஒரு செய்தியைக் காட்டினார். அமெரிக்காவில் இருந்து நாடு கடத்தப்பட்ட வெனிசுவேலா நாட்டுக்காரர்களைப் பற்றிய செய்தி. "அண்ணே, இவங்க எல்லாம் கேங்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். நெஜமாவே கேங்கா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், "இங்கேயும் 2013-ல கலவரம்னு சொல்லி நம்ம ஆளுங்கள அனுப்பினாங்களே, தெரியாதா?" என்றார். தம்பிக்குத் தெரியவில்லை. அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம்.

அது நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. நம்மில் பலருக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. தெரியாதவர்களுக்காகவும், தெரிந்தும் பேசாமல் விட்டவர்களுக்காகவும் எழுதுகிறோம்.

முதலில் நடந்தது என்ன?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு மணி ஒன்பது இருபது வாக்கில், ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தில் அடிபட்டு ஒருவர் இறந்துபோனார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், வயது 33. கட்டுமான ஊழியர். கூட்டம் கூடியது. பேருந்தை அடித்தார்கள். உதவிக்கு வந்த ஆம்புலன்ஸையும் போலீஸ் வாகனங்களையும் தாக்கினார்கள். ஐந்து வாகனங்கள் எரிந்தன. போலீஸ்காரர்களும் குடிமைத் தற்காப்புப் படையினரும் காயப்பட்டார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேலாக சிங்கப்பூர் பார்க்காத கலவரம்.

அதில் நியாயப்படுத்த ஒன்றுமில்லை. காப்பாற்ற வந்தவர் மீது கல் எறிவது பாவம். அன்றும் அதைத்தான் சொன்னோம், இன்றும் அதையேதான் சொல்கிறோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவின் விஷயம்.

அடுத்த ஞாயிறு தேக்கா வெறிச்சென்று கிடந்தது. அந்த வாரக் கடைசியில் மதுவுக்குத் தடை. விடுதிகளில் இருந்து வரும் தனியார் பேருந்துகள் ஓடவில்லை. வழக்கமாக நாங்கள் வடிக்கும் அரிசியில் பாதி போதுமானதாக இருந்தது. வந்த சிலரும் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். "அண்ணே, இங்க நின்னா ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கோயில் வாசலில் நின்று கேட்டார்கள். சாமி கும்பிட வந்தவர் கேட்கிற கேள்வியா அது!

மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 17 அன்று, அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 4,000 ஊழியர்களிடம் விசாரித்திருந்தார்கள். கடைசியில் கணக்கு மூன்று வகையாகப் பிரிந்தது. 25 பேர் மீது நீதிமன்றத்தில் வழக்கு. 57 பேர் நாடு கடத்தல், மறுபடி சிங்கப்பூருக்குள் வரத் தடை. இன்னும் 200 பேர் அளவில், போலீஸ் எச்சரிக்கை கொடுத்து, இங்கேயே இருந்து வேலை பார்க்க விட்டார்கள். அனுப்பப்பட்ட 57 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் நம் ஊர்க்காரர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மூன்று வகையையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறோம்.

25 பேர் மீது இருந்தது கனமான குற்றச்சாட்டு. அவர்களுக்கு நீதிபதி இருந்தார், வக்கீல் வைக்க வழி இருந்தது, மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஆதாரத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு அரசாங்கத் தரப்புக்கு இருந்தது. அந்த வழியில் போனதால் சில மாற்றங்களும் நடந்தன. முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டது. கலவரம் செய்தார் என்று தொடங்கி, கலைந்து போகச் சொல்லியும் போகவில்லை என்ற சின்னக் குற்றச்சாட்டாகக் குறைந்து, 15 வாரச் சிறையோடு முடிந்த வழக்கும் உண்டு. சிலருக்கு இரண்டு வருஷத்துக்கு மேலும் சிறை கிடைத்தது. யார் எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாக அளந்து பார்த்தார்கள்.

57 பேர் மீது சொல்லப்பட்டது அதைவிடச் சின்னது. கலவரம் நடப்பது தெரிந்தும், கலைந்து போகச் சொன்ன பிறகும் போகவில்லை, போலீஸ் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தார்கள் என்பதுதான். பெரிய குற்றச்சாட்டு உள்ளவருக்கு நீதிமன்றம் கிடைத்தது. சின்னக் குற்றச்சாட்டு உள்ளவருக்கு விமான டிக்கெட் கிடைத்தது.

அரசாங்கத் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நாடு கடத்துவது தண்டனை இல்லை, குடிநுழைவுச் சட்டத்தின்படி எடுக்கும் நிர்வாக முடிவு என்றார்கள். வெளிநாட்டவர் இங்கே தங்குவது அனுமதியின் பேரில். அந்த அனுமதியைத் திரும்பப் பெற ஒவ்வொரு தடவையும் நீதிமன்றம் போகத் தேவையில்லை என்பது வாதம். உலகத்தில் பல நாடுகளில் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் போன்ற அமைப்புகள் அப்போதே ஆட்சேபித்தன. குற்றச்சாட்டை எதிர்த்துப் பேச வாய்ப்பு இல்லாமல் அனுப்புவது முறையில்லை என்றார்கள்.

நம் பக்தர்கள் சிலரும் அப்போது எங்களிடம் சொன்னார்கள்: "விருந்தாளியா வந்தவன் வீட்டுல கல்லெறிஞ்சா வெளிய அனுப்பத்தான் செய்வாங்க." சரிதான். கல்லெறிந்தவரை அனுப்பலாம். அவர் கல்லெறிந்தாரா, எறிந்தவர் பக்கத்தில் நின்றாரா, எறிந்தவர் கையைப் பிடித்துத் தடுத்தாரா என்பதுதானே கேள்வி?

இதைச் சும்மா வாதத்துக்காகச் சொல்லவில்லை. அன்று எடுத்த வீடியோக்களில் ஒன்று பரவலாகப் பகிரப்பட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஊழியர் கையை விரித்துக்கொண்டு, அடிக்காதீங்க என்று மற்றவர்களைத் தடுக்கிறார். அந்த வீடியோவைத் தூரத்தில் இருந்து எடுத்திருந்தால், இருட்டில் எடுத்திருந்தால், அவரும் பேருந்துக்குப் பக்கத்தில் கை வீசிக்கொண்டு நின்ற இன்னொரு ஆள்தான்.

அந்த இடத்தையும் யோசித்துப் பாருங்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் யார் நிற்பார்கள்? விடுதிக்குப் போகும் பேருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள். கையில் அரிசி மூட்டை, மீன் பொட்டலம், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது. கலைந்து போ என்றால் எங்கே போவது? வீட்டுக்குப் போகிற பேருந்தே அங்கேதானே நிற்கிறது! அறிவிப்பு எந்த மொழியில் வந்தது, பின்னால் நின்றவருக்குக் கேட்டதா, போக வழி இருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு ஒருவேளை எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றே பதில் வரலாம். ஆனால் அதைக் கேட்கிற இடம் ஒன்று வேண்டுமில்லையா?

அதைவிட முக்கியமான ஒன்றை அரசாங்கமே அமைத்த விசாரணைக் குழு சொல்லியிருக்கிறது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் நான்கு பேர் கொண்ட குழு. அறிக்கை 2014 ஜூன் 30 அன்று வெளிவந்தது. விபத்துதான் தீயைப் பற்றவைத்தது, மதுவும் ஒரு காரணம், கூட்டத்தின் தப்பான புரிதலும் ஒரு காரணம் என்று அது சொன்னது. இறந்தவரைப் பேருந்தில் இருந்து இறங்கச் சொன்ன பெண் ஊழியரால்தான் சாவு நடந்தது என்று கூட்டம் நினைத்தது. அடியில் கிடந்தவரைக் கவனிக்காமல் பேருந்துக்காரர்களை மட்டும் காப்பாற்றுகிறார்கள் என்று நினைத்தது. இரண்டும் தவறு.

அதாவது, கண்ணால் பார்த்த கொஞ்சத்தை வைத்து, யாரையும் கேட்காமல், இவர்தான் குற்றவாளி என்று முடிவு செய்ததுதான் அன்றைக்குக் கூட்டம் செய்த தப்பு. அந்தத் தப்புக்குப் பதில் சொல்லும்போது நாமும் அதே மாதிரி செய்யாமல் இருக்க வேண்டும் இல்லையா?

57 பேரும் நிரபராதிகள் என்று நாங்கள் சொல்லவில்லை. சிலர் நிச்சயம் தப்புச் செய்திருக்கலாம். எல்லோருமே கூடச் செய்திருக்கலாம். எங்கள் வருத்தம் வேறு. அவர்களுக்கும் எச்சரிக்கையோடு தப்பித்த அந்த 200 பேருக்கும் நடுவில் ஒரு கோடு போடப்பட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு, "ஐயா, நான் இந்தப் பக்கம்தான் நின்னேன்" என்று ஒரு நீதிபதி முன்னால் சொல்ல இடம் கிடைக்கவில்லை. அதனால் அவர் குற்றவாளியா இல்லையா என்பது யாருக்கும் தீர்மானமாகத் தெரியாது. அவர் பொண்டாட்டி பிள்ளைக்கும் தெரியாது.

"ஜெயிலுக்குப் போகாம ஊருக்குப் போனாங்களே, அதிர்ஷ்டம்தானே?" என்பவர்களும் உண்டு. ஜெயிலுக்கு ஒரு முடிவு தேதி உண்டு. மறுபடி வரக்கூடாது என்ற தடைக்கு? இங்கே வருகிற பிள்ளைகள் ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று பந்தியில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்பார்கள். நகையை வைத்து, நிலத்தை வைத்து வாங்கிய கடன். அப்போது பலருக்குத் தினச் சம்பளம் 20 வெள்ளிக்கும் கீழே. கடன் அடைய ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் திரும்பிப் போகிறவர் கடனோடுதான் போவார். ஊரில் இறங்கியதும் "என்னப்பா பண்ணுன?" என்று கேட்பார்கள். சும்மாதான் நின்றேன் என்றால் யார் நம்புவார்கள்? காட்டுவதற்கு ஒரு தீர்ப்புக் காகிதமும் கையில் கிடையாது.

எங்கள் பந்திக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் அந்த டிசம்பருக்குப் பிறகு வரவே இல்லை. வாளி தூக்குவதில் முதல் ஆள். சாம்பாரைச் சிந்தாமல் பரிமாறுவார். அனுப்பப்பட்டாரா, வேறு இடத்துக்கு வேலை மாறிப் போனாரா, பயந்து தேக்கா பக்கமே வராமல் இருந்துவிட்டாரா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. போன் நம்பரும் மாறிவிட்டது. அவர் பெயரைச் சொல்லி அர்ச்சனை மட்டும் செய்கிறோம்.

இப்போது தம்பி காட்டிய அந்த அமெரிக்கச் செய்திக்கு வருவோம். 2025 மார்ச் 15 அன்று, 200க்கும் மேற்பட்ட வெனிசுவேலாக்காரர்களை விமானத்தில் ஏற்றி, அவர்கள் நாட்டுக்குக்கூட இல்லை, எல் சால்வடோர் நாட்டின் பெரிய சிறைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோரை அனுப்பப் பயன்படுத்தியது 1798-ஆம் வருஷத்துப் போர்க்காலச் சட்டம். எல்லோரும் 'டிரென் டி அராகுவா' என்ற கும்பலைச் சேர்ந்தவர்கள் என்றார்கள். பலர் விஷயத்தில் காட்டிய அடையாளம் உடம்பில் இருந்த பச்சை. ஒருவர் ஒப்பனைக் கலைஞர். அவர் கையில் இரண்டு கிரீடம், கூடவே அம்மா, அப்பா என்ற எழுத்து. அவருடைய ஊரில் மூன்று ராஜாக்கள் திருவிழா விசேஷமாக நடக்கும், அதில் அவர் பல வருஷம் பங்கெடுத்தவர். சாமி காரியத்தோடு சேர்ந்த கிரீடம் அங்கே கும்பல் முத்திரையாகப் படிக்கப்பட்டது.

நம் பிள்ளைகள் கையைப் பாருங்கள் அன்பர்களே. வேல் இருக்கும், சூலம் இருக்கும், அம்மா என்று இருக்கும், ஊர்க் கருப்பசாமி அரிவாளோடு இருப்பார். தெரியாத ஊரில் தெரியாத அதிகாரி அந்த அரிவாளை என்னவென்று படிப்பார்?

அங்கே பிறகு என்ன ஆனது? ஏப்ரல் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின்படி அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், எதிர்த்துக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது. ஜூலையில் கைதிகள் பரிமாற்றத்தில் 252 பேர் வெனிசுவேலாவுக்குத் திரும்பினார்கள், அந்த ஒப்பனைக் கலைஞர் உட்பட. இடைப்பட்ட நான்கு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இரண்டு சம்பவமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இங்கே யாரையும் வேறு நாட்டுச் சிறையில் போடவில்லை, சொந்த ஊருக்குத்தான் அனுப்பினார்கள். இங்கே நடந்த கலவரம் எல்லோரும் கண்ணால் பார்த்தது. ஆனால் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். முடிவு எடுக்கும் முன் அவரிடம் கேட்டார்களா?

நம் வட்டாரத்துக்கு இது புதுசும் இல்லை. 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் தலைவர் ஆர். எச். நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது பிரிட்டிஷ் அரசு. கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தக் கேட்டார்கள். தொந்தரவு செய்கிறவர் என்று ஒரு முத்திரை போதும், கப்பல் ஏற்றிவிடலாம் என்பது அந்தக் காலம்.

இன்னும் பழசு வேண்டுமா? கோவலன் கதையை யோசியுங்கள். பூம்புகாரில் இருந்து பிழைக்க மதுரைக்கு வந்தவன். வேற்றூர்க்காரன். அவனுக்காகச் சாட்சி சொல்ல அந்த ஊரில் செல்வாக்குள்ள ஒரு ஆள் கிடையாது, தங்கியிருந்ததே மாதரி வீட்டில். பொற்கொல்லன் ஒருவன் கை நீட்டினான். அரசன் விசாரிக்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகுதான் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரிந்தது. இதில் நாம் மறந்துவிடுகிற ஒன்று: பாண்டியன் கெட்டவன் இல்லை. தப்பு புரிந்ததும் உயிரையே விட்டவன். நல்ல அரசன்தான், ஒரு நிமிஷம் கேட்காமல் விட்டான்.

அதே தமிழ் மரபில்தான் திருவாரூர்ச் சோழன் அரண்மனை வாசலில் மணி கட்டினான். மாடு வந்து இழுத்தாலும் கேட்கும் மணி. நம்ம மாடா, வெளியூர் மாடா என்று பார்த்து அடிக்கும் மணி இல்லை அது.

எங்கள் சமையற்கட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். இரண்டு வருஷம் முன்னால், காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் போன் காணாமல் போனது. கடைசியாக அந்தப் பக்கம் போனவர் ஒரு ஊழியத் தம்பி. "அவனா இருக்கும்" என்று யாரோ சொல்ல, நாலு பேர் தலையாட்ட, இனிமேல் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றும் ஒருவர் ஆரம்பித்தார். எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். கரண்டியைக் கீழே வைக்காமலே, "அவனைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, கேட்டுட்டு, அப்புறம் பேசுங்க" என்றார். கூப்பிட்டோம். ஒரு டீ கொடுத்தோம். உப்பு எடுக்க வந்தேன், போனைப் பார்க்கவில்லை என்றார். பையைத் தானே திறந்து காட்டினார். அவ்வளவுதான்.

அந்தப் போன் இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்களோ, குப்பையோடு போச்சோ, தெரியாது. ஆனால் அந்தத் தம்பி இன்றும் வருகிறார். கேட்காமல் அனுப்பியிருந்தால் போன் கிடைத்திருக்காது, அவர்தான் திருடன் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

இதைப் படித்துவிட்டு நாம் செய்யக்கூடியது சிலதான்.

ஊழிய நண்பர்களே, எந்த விஷயத்துக்காகப் போலீஸ் கூப்பிட்டாலும் பயந்து ஓடாதீங்க, உண்மையைச் சொல்லுங்க. தமிழில்தான் சொல்ல வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்க. எழுதிய வாக்குமூலத்தைப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, ஹோம், டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. வழி தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வாங்க, கூடவே வருகிறோம்.

உள்ளூர் அன்பர்களே, பந்தியில் ஒரு ஊழியர் பக்கத்தில் உட்காருங்கள். ஊர், பேர், பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். பெயர் தெரிந்த ஒருவரை 'கூட்டம்' என்று நினைப்பது கஷ்டம். நாளைக்கு எந்த நாட்டில் இருந்து யாரை அனுப்பினார்கள் என்ற செய்தி வந்தாலும், அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று உடனே பேச ஆரம்பிக்காமல், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா என்று முதலில் கேளுங்கள்.

டிசம்பர் 8 அன்று மாலை பூஜைக்குப் பிறகு மூன்று பேருக்காக விளக்கேற்றப் போகிறோம். ஊருக்குத் திரும்பாமல் போன அந்தப் புதுக்கோட்டைப் பிள்ளைக்கு ஒன்று. அன்று இரவு காயப்பட்ட காவல், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஒன்று. பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் திரும்பிப் போனவர்களுக்கு ஒன்று. முடிந்தவர்கள் வாருங்கள். எண்ணெய் கொண்டுவர வேண்டாம், கோயிலில் இருக்கிறது.

ஓம் சக்தி. எல்லோரும் நல்லா இருக்கணும்.